திருத்திய அறிக்கை

ஜூன் 3, செவ்வாய்

இன்று மைக்ராஸ்கோப்பில் பார்த்தது பதினேழு பேருடைய ஸ்லைடு. அதில் ஒன்பது பித்தப்பை. ஈரோட்டில் யாரையும் பித்தப்பையோடு நிம்மதியாக இருக்க விடுவதில்லை போலிருக்கிறது. நான்கு அப்பெண்டிக்ஸ், ஒரு தைராய்டு, மற்றது சில்லறை. இரண்டு மணிக்குள் முடித்துவிட்டேன்.

மதியம் கேன்சர் டாக்டர் பிரசன்னா மாடியிலிருந்து இறங்கி வந்தார். அவர் லேபுக்கு நேரில் வருவது அபூர்வம். எதுவானாலும் ஃபோன்தான். கையில் ஒரு பழைய ஃபைல்.

"மேடம், ஒரு சின்ன உதவி. இந்தக் கேஸோட ஆபத்து வகையை மட்டும் மறுபடி பாத்துச் சொல்லணும்."

பூங்கோதை, வயது முப்பத்திமூன்று, ஊர் சித்தோடு. 2022 நவம்பரில் இரைப்பையிலிருந்து ஏழு சென்டிமீட்டர் கட்டி எடுத்திருக்கிறார்கள். எண் 1847/22. அறிக்கை: ஜிஸ்ட் என்னும் புற்றுக்கட்டி, அதிக ஆபத்து வகை. அதிக ஆபத்து என்றால் மூன்று வருடம் தினமும் ஒரு மாத்திரை. அவளுக்கு இன்னும் ஆறு மாதம் பாக்கி. இப்போது ஒன்பது வாரம் கர்ப்பம். அந்த மாத்திரை சாப்பிடுகிறவளுக்குக் கரு தங்கக் கூடாது, பிள்ளை ஊனமாகப் பிறக்கலாம். விஷயம் தெரிந்ததும் பிரசன்னா நேற்று மாத்திரையை நிறுத்தியிருக்கிறார். மகப்பேறு டாக்டரம்மா கலைப்பதற்கு இருபதாம் தேதி கொடுத்திருக்கிறார்.

"ஆபத்து கம்மின்னு நீங்க சொன்னா, மாத்திரையை இதோட முடிச்சுக்கலாம். குழந்தையை வெச்சுப் பாக்கலாம். இல்லைன்னா கலைச்சுட்டு மாத்திரையைத் தொடரணும்."

யார் போட்ட அறிக்கை என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஜூன் 4, புதன்

வீட்டுக்குக் காஸ் சிலிண்டர் வந்தது. போன தடவை வந்தது பிப்ரவரி தொடக்கத்தில். போடுகிறவர், "ஊருக்குப் போயிருந்தீங்களா மேடம்?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

ஜூன் 5, வியாழன்

காலையில் ரவூஃப் வணக்கம் சொன்னபோது பதிலுக்குக் குரல் வரவில்லை. இரண்டு முறை கனைத்தேன். நேற்று மாலை லேபைப் பூட்டியபின் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ரவூஃப் எங்கள் டெக்னீசியன், பத்தொன்பது வருடமாக மெழுகு வெட்டுகிறவர். "ஐஸ் தண்ணி குடிச்சீங்களா மேடம்?" என்றார். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். இந்த ஆமாம் ரொம்ப வசதியான வார்த்தை.

1847 ஸ்லைடுகளைத் தூசி தட்டி எடுத்துக் கொடுத்தார். பதினொரு மணிக்கு உட்கார்ந்தேன்.

இரைப்பைச் சுவரில் வளரும் இந்த வகைக் கட்டிகள் எல்லாமே லென்ஸுக்கு அடியில் ஒரே ஜாடை. நெசவுக் கதிர் போல நடுவில் பருத்து இரண்டு முனையிலும் கூர்ந்த செல்கள், கும்பல் கும்பலாக. ஜிஸ்ட்டும் அப்படித்தான், தசைக்கட்டியும் அப்படித்தான், நரம்புக் கட்டிகளும் அப்படித்தான். அவற்றில் நூற்றுக்குத் தொண்ணூறு ஜிஸ்ட்டாகத்தான் இருக்கும். அதனால் பார்த்த உடனே கை ஜிஸ்ட் என்று எழுதிவிடும். ஆபத்தைக் கணக்கிட, பிரிந்துகொண்டிருக்கும் செல்களை ஐம்பது இடத்தில் எண்ண வேண்டும். ஐந்து வரை இருந்தால் கொஞ்சம் ஆறுதல். அதற்கு மேல் போனால் அதிக ஆபத்து.

அறிக்கையில் ஆறு என்று இருக்கிறது.

இன்று எண்ணினேன். இரண்டு. மறுபடி எண்ணினேன். இரண்டுதான். மற்ற நான்கும் சுருங்கிக் கறுத்துச் செத்துக்கொண்டிருந்த வெள்ளை அணுக்கள். முதல் வருடப் பிள்ளைகள் செய்கிற பிழை.

இந்த லேபில் இருபத்தாறு வருடமாக ஒரே கையெழுத்துதான்.

ஜூன் 6, வெள்ளி

எண்ணிக்கை குறைந்ததோடு விட்டிருக்கலாம். பிரசன்னா கேட்டது அவ்வளவுதான். "இரண்டு, மிதமான ஆபத்து" என்று எழுதினால் அவருக்கும் திருப்தி, எனக்கும் பெரிய அவமானமில்லை.

ஆனால் கட்டியின் விளிம்பைப் பார்த்துவிட்டேன். சேலைக் கரை மாதிரி வெள்ளை அணுக்கள் நீலமாகத் திரண்டு கட்டியைச் சுற்றி ஓடுகின்றன. ஜிஸ்ட்டுக்கு இப்படிக் கரை இருக்காது. அறிக்கையைப் புரட்டினேன். "இரண்டு நிணநீர்க் கணுக்கள், கட்டி பரவவில்லை" என்று இருக்கிறது. கணுக்களா! கட்டியை வெட்டும்போது பிய்ந்து வந்த கரைத் துண்டுகள் அவை. கரையை அறுத்துத் தனியாக வைத்து, அதற்குக் கணு என்று பெயரும் வைத்திருக்கிறார்கள். வைத்திருக்கிறேன்.

பிறகு சாயம் போட்ட ஸ்லைடை எடுத்தேன். கிட் என்று ஒரு சாயம். ஜிஸ்ட் செல்கள் அதைக் குடித்துப் பழுப்பாகும். ஸ்லைடில் பழுப்பு இருக்கிறது, இல்லாமலில்லை. ஆனால் கதிர் போன்ற செல்கள் ஒன்றில்கூட இல்லை. நடுநடுவே உருண்டையாக உட்கார்ந்திருக்கும் மாஸ்ட் செல்களில்தான் பழுப்பு. மாஸ்ட் செல் உடம்பில் எல்லா இடத்திலும் திரிகிற காவல்காரன். அந்தச் சாயத்தை எங்கே கண்டாலும் குடித்துக்கொள்வான். நரம்புக் கட்டிகளுக்குள் கூட்டமாக நிற்பான். இதை வகுப்பில் நானே பாடமாக எடுத்திருக்கிறேன்.

சாப்பிட மறந்துவிட்டது. நான்கு மணிக்குக் கேன்டீனில் மிச்சமிருந்த பஜ்ஜி.

ஜூன் 8, ஞாயிறு

மாவு பாக்கெட் ஒரு ஆளுக்கென்று யாரும் விற்பதில்லை. திங்கள் வாங்கியது புளித்துப் போயிருந்தது. கொட்டிவிட்டேன். துணி துவைத்தேன். மாடி வீட்டில் விருந்தாளிகள், காலையிலிருந்து மிக்ஸி ஓடியது. தங்கை மெல்பர்னிலிருந்து பேசினாள். "எப்படிக்கா இருக்கே?" என்றாள். நல்லா இருக்கேன் என்றேன். பன்னிரண்டு நிமிடம். அதில் பத்து நிமிடம் அவள் நாய்க்கு வந்த தோல் வியாதி.

மதியம் பழைய நாட்குறிப்புகளை எடுத்தேன். 2022. நவம்பர் 9 முதல் 15 வரை ஒன்றும் எழுதவில்லை. 16-ஆம் தேதி இரண்டு வரி. "பால்காரரிடம் ஒரு லிட்டரை அரை லிட்டராக்கச் சொல்ல வேண்டும். 1847 கையெழுத்துப் போட்டாயிற்று."

அது என் கணவர் ராஜேந்திரன் வீட்டைவிட்டுப் போன வாரம். யாரும் சாகவில்லை, சண்டைகூட இல்லை. இரண்டு சூட்கேஸ், ஒரு டேபிள் ஃபேன், அவர் புத்தகங்கள். வேனில் ஏற்றும்போது நான் லேபில் இருந்தேன். ஃபேன் எடுத்துப் போவதைப் பற்றி மட்டும் ஃபோனில் கேட்டார், எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

இதைப் பிழைக்குக் காரணமாக எழுதவில்லை. கண்டதை எழுதுகிறேன்.

ஜூன் 9, திங்கள்

இது ஜிஸ்ட் இல்லை, ஷ்வானோமாவாக இருக்கலாம். நரம்பைச் சுற்றி உறை போடுகிற செல்லிலிருந்து வளர்வது. இரைப்பையில் அபூர்வம், என் வாழ்நாளில் மூன்று பார்த்திருப்பேன். சாதுவான கட்டி. எடுத்தால் முடிந்தது. மாத்திரையும் வேண்டாம், பயமும் வேண்டாம். ஆனால் "இருக்கலாம்" என்பதை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது. எஸ்-நூறு என்கிற சாயம் போட்டுப் பார்க்க வேண்டும். நரம்பு உறைச் செல் அதைக் குடிக்கும், ஜிஸ்ட் தொடாது. 2022-இல் அது ஏன் போடப்படவில்லை என்று பதிவேட்டில் பார்த்தேன். "ஸ்டாக் இல்லை. ஆர்டர் போட்டிருக்கிறது." வர இரண்டு வாரம் ஆகியிருக்கும்.

சாயம் போட மெழுகுக் கட்டை வேண்டும். கட்டியின் துண்டுகளை மெழுகில் பதித்துச் சிறு கட்டைகளாக வைத்திருப்போம். பிளாக் என்போம். ரவூஃப் ஸ்டோரில் அரைமணி நேரம் தேடிவிட்டு ரிஜிஸ்டரோடு வந்தார்.

"மூணு பிளாக்கும் பேஷண்ட் கிட்டயே இருக்கு மேடம். ஜீன் டெஸ்டுக்கு பெங்களூரு கொண்டு போகணும்னு வாங்கிட்டுப் போயிருக்காங்க. கையெழுத்து இருக்கு பாருங்க. திருப்பிக் குடுக்கவே இல்ல."

பெங்களூருக்குப் போயிருந்தால் அன்றே யாராவது சந்தேகப்பட்டிருப்பார்கள். ஃபோன் செய்யச் சொன்னேன். இருபதாம் தேதிக்குப் பதினொரு நாள் இருக்கிறது.

ஜூன் 10, செவ்வாய்

நாங்கள் நோயாளியைப் பார்ப்பதில்லை. எங்களுக்கு அவர்கள் ஓர் எண், ஒரு துண்டு. பூங்கோதையை இன்று பார்த்தேன்.

ஒல்லி. நீலச் சுடிதார், கழுத்தில் இ-சேவை மையத்தின் அடையாள அட்டை, வேலையிலிருந்து அப்படியே வந்திருக்கிறாள். கையில் எவர்சில்வர் டிபன் பாக்ஸ். மேசையில் வைத்துத் திறந்தாள். ஐஸ் கட்டிகள். நடுவில் பிளாஸ்டிக் கவரில் மூன்று பிளாக்.

"வழியில உருகிருமோன்னு பயமா இருந்துச்சுங்க. வெயில்ல வெக்காதீங்கன்னு அன்னிக்கு பாய் சொன்னாருங்க. அதனால வீட்டுல ஃபிரிட்ஜுல முட்டை வெக்கற தட்டுலதான் வெச்சிருந்தனுங்க. ரெண்டரை வருசமா. முட்டைக்கு எடமில்லைன்னு எங்க அத்தை தெனமும் ஒரு பாட்டம் திட்டும்."

ரவூஃப் என்னைப் பார்த்தார். ஃபிரிட்ஜில் வைக்கத் தேவையே இல்லை என்று இருவரும் சொல்லவில்லை.

"பெங்களூருக்கு ஏன் கொண்டு போகல அம்மிணி?"

"ரெண்டு தடவ கெளம்புனமுங்க. எங்க வீட்டுக்காரருக்கு வேன் ஓட்டற வேலை, ஒருக்கா லோடு வந்துருச்சு. இன்னொருக்கா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிட்டுத் திரும்பிட்டமுங்க. அங்க போயி, இன்னும் மோசமா இருக்குதுன்னு சொல்லிட்டாங்கன்னா என்னங்க பண்றது? இருக்கறதே போதும்னு உட்டுட்டமுங்க."

புறப்படும்போது நின்றாள். "நீங்கதானுங்களா அன்னிக்குப் பாத்துச் சொன்னது?"

"ஆமா."

"பிரசன்னா டாக்டர் சொல்லியிருக்காருங்க. கண்டுபுடிச்சதே பெரிய விசயம்னு. உங்க ரிப்போர்ட்டாலதானுங்க நான் உசுரோட இருக்கறேன்." கையெடுத்துக் கும்பிட்டாள்.

நான் தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன் என்று தெரியவில்லை.

ஜூன் 12, வியாழன்

ரவூஃப் நேற்று வெட்டினார். மெழுகு நன்றாகவே இருக்கிறது, இரண்டரை வருடம் யாரோ கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்ட மெழுகு. ஒரு செட் ஸ்லைடு கோயம்புத்தூருக்குச் சுகந்திக்குக் கூரியர் செய்தோம். சுகந்தி என்னோடு படித்தவள், வயிற்றுக் கட்டிகளையே பதினைந்து வருடமாகப் பார்ப்பவள். ஜிஸ்ட் மட்டும் குடிக்கிற டாக்-ஒன் என்கிற சாயம் எங்களிடம் இல்லை, அவளிடம் இருக்கிறது.

எஸ்-நூறு இங்கேயே போட்டோம். முதல் தடவை வெளிறிப் போய்விட்டது. கட்டாயம் பழுப்பாக வேண்டிய கன்ட்ரோல் ஸ்லைடும் வெளிறியிருந்தது, ஆகவே தப்பு சாயத்தில்தான். நாளை மறுபடி.

ஜூன் 13, வெள்ளி

பழுப்பு. மூலை முடுக்கு விடாமல், கட்டி முழுக்க, ஒவ்வொரு கதிரிலும்.

சந்தோஷப்பட வேண்டிய விஷயம். ஒரு பெண்ணுக்குக் கேன்சர் இல்லை. அழுகைதான் வந்தது. கண் எரிகிறது என்று ரவூஃபிடம் சொன்னேன். ஃபார்மலின் நெடி என்று அவரும் ஒத்துக்கொண்டார், நல்ல மனிதர்.

ஜூன் 15, ஞாயிறு

தண்ணீர் மோட்டார் ரிப்பேர். பிளம்பர் நாளைதான் வருவாராம். மாடி வீட்டம்மா இரண்டு குடம் கொடுத்தார்கள். "எத்தனை பேருக்குங்க, ரெண்டு போதுமா?" என்றார்கள். பதினோரு வருடமாக மேலே குடியிருக்கிறார்கள்.

ஜூன் 17, செவ்வாய்

சுகந்தி ஃபோன் செய்தாள். எங்கள் இருவருக்கும் நடுவே சுற்றி வளைத்துப் பேசும் வழக்கம் கிடையாது.

"டாக்-ஒன் சுத்தமா நெகட்டிவ். எஸ்-நூறு, சாக்ஸ்-பத்து ரெண்டு நரம்புச் சாயமும் நல்லா புடிச்சிருக்கு. ஷ்வானோமா. நியூரோஃபைப்ரோமா, கேங்லியோநியூரோமான்னு மத்த நரம்புக் கட்டி எல்லாம் யோசிச்சுப் பாத்துட்டேன், இல்ல. இதுல வாதாடறதுக்கு ஒண்ணுமில்ல நாயகி."

"சரி."

"மொதல்ல ஜிஸ்ட்டுன்னு போட்டது யாரு, உங்க லேபுக்கு நடுவுல வந்துட்டுப் போன ஆளா?"

"நான்தான்."

"மாஸ்ட் செல்லா?" என்றாள்.

"மாஸ்ட் செல்தான்."

"எனக்கும் ஒருக்கா வந்துருக்கு. கையெழுத்துப் போடறதுக்கு முன்னால பாத்துட்டேன், அவ்வளவுதான் வித்தியாசம்."

அவ்வளவுதான் வித்தியாசம். மாடிக்குப் போய் பிரசன்னாவிடம் சொன்னேன். அவர் முதலில் கேட்டது மகப்பேறு டாக்டரம்மாவின் எக்ஸ்டென்ஷன் எண். இருபதாம் தேதியை ரத்து செய்துவிட்டுத்தான் என் பக்கம் திரும்பினார். அந்த மனுஷன் மேல் எனக்கு இதுவரை பெரிய மதிப்பு இருந்ததில்லை. இன்று வந்தது.

ஜூன் 18, புதன்

மேனேஜர் சிவசாமி கூப்பிட்டனுப்பினார். காபி வந்தது. இந்த ஆஸ்பத்திரியில் காபி தானாக வந்தால் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

"மேடம், கூடுதல் சாயப் பரிசோதனைகளின் அடிப்படையில் கட்டியின் வகை மாற்றப்படுகிறது. இங்கிலீஷ்ல ரெண்டே வரி. அதுக்கு மேல ஒரு எழுத்து வேண்டாமுங்க. எல்லா ஊர்லயும் இப்படித்தானுங்க போடறாங்க."

உண்மைதான். நானும் அப்படிப் போட்டிருக்கிறேன், மற்றவர்கள் பிழைக்கு.

"அந்தப் பொண்ணுகிட்ட பிரசன்னா சார் பேசிக்குவாரு. நீங்க நேர்ல பேச வேண்டாம். இருவத்தாறு வருச சர்வீஸுங்க உங்களுது. இன்னும் நாலு வருசத்துல மரியாதையா ரிட்டயர் ஆகணுமுங்க."

அந்த இரண்டு வரியில் கையெழுத்துப் போட்டேன். படிக்கிறவர் யாருக்கும் அதில் ஓர் ஆள் இருப்பதாகவே தெரியாது. கட்டி தானாக வகை மாறிக்கொண்டது போல இருக்கும்.

ஜூன் 19, வியாழன்

மாடியில் பிரசன்னா சொல்லி அனுப்பியபின் பூங்கோதை நேராக லேபுக்கு வந்துவிட்டாள். ரவூஃப் நாற்காலி போட்டுவிட்டு வெளியே போனார்.

"எனக்குக் கேன்சரே இல்லீங்களா?"

"இல்ல அம்மிணி. வந்தது நரம்புக் கட்டி. எடுத்ததோட முடிஞ்சு போச்சு."

"அப்ப இந்த மாத்திரை?"

"தேவையே இருந்ததில்ல."

"நாளைக்கு வர வேண்டாம்னு சொல்லிட்டாங்க."

"வேண்டாம். ஆனா ஒன்பது வாரம் மாத்திரை உள்ள போயிருக்கு. பதினெட்டாவது வாரம் ஸ்கேன் எடுத்தாத்தான் குழந்தை எப்படி இருக்குன்னு தெரியும். நல்லா இருக்கவே வாய்ப்பு ஜாஸ்தி. உறுதியா யாராலயும் சொல்ல முடியாது. அதை உங்கிட்ட மறைக்கக் கூடாது."

தலையாட்டினாள். எழுந்துவிடுவாள் என்று நினைத்தேன். துப்பட்டா நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப மொதல்ல ஒண்ணு இருந்துச்சுங்களே?"

எனக்குப் புரியவில்லை.

"போன வருசம் மாசி மாசமுங்க. ஏழு வாரம். பவானியில ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனோம். சீட்டைப் பாத்துட்டு, இந்த மாத்திரை சாப்பிடறவங்களுக்கு ஆகாதும்மான்னு சொல்லிட்டாங்க. அங்கயே எடுத்துட்டமுங்க. பிரசன்னா டாக்டர்கிட்ட சொல்லல, திட்டுவாருன்னு. அதை வெச்சிருந்திருக்கலாமுங்களா?"

சொல்வதற்கு எத்தனையோ இருந்தது. அபூர்வமான கட்டி, பெரிய ஊர்களிலேயே தவறுவார்கள், அன்று அந்தச் சாயம் ஸ்டாக் இல்லை. எல்லாம் வாயில் வந்து நின்றது.

"வெச்சிருந்திருக்கலாம்" என்றேன்.

"தப்பு யாருங்க பண்ணுனது?"

"நான்."

அவள் கத்தவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கைப்பையிலிருந்து பிரசன்னா கொடுத்த அந்த இரண்டு வரித் தாளை எடுத்து என் பக்கமாகத் தள்ளினாள்.

"இதுல அது இல்லீங்களே. இப்ப நீங்க எங்கிட்டச் சொன்னீங்கல்ல, அதை எழுதிக் குடுங்க. தமிழ்ல. இ-சேவையில ஒக்காந்திருக்கறவ நானு. வாயில சொன்னது எங்கயுமே செல்லாதுங்க."

"எதுக்கு அம்மிணி? கேஸ் போடவா?"

"தெரியலீங்க. போட்டாலும் போடுவேன். மொதல்ல எழுதிக் குடுங்க."

திங்கட்கிழமை வரச் சொன்னேன்.

ஜூன் 20, வெள்ளி

ஒன்பது பித்தப்பை. இரண்டு கர்ப்பப்பை. இன்று கலைத்திருப்பார்கள். கலைக்கவில்லை. அதை மட்டும் நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 21, சனி

இருபத்தாறு வருடத்தில் தமிழில் ஓர் அறிக்கை எழுதியதில்லை. எழுத உட்கார்ந்தால் எல்லா வாக்கியமும் ஆளில்லாமல் வருகிறது. "தவறுதலாக வகைப்படுத்தப்பட்டது." யாரால்? "பரிசோதனை மேற்கொள்ளப்படவில்லை." ஏன்? நான்கு தாளைக் கிழித்துப் போட்டேன்.

சிவசாமி ஃபோன் செய்தார், ரவூஃப் சொன்னாரோ காற்று சொன்னதோ. ஆஸ்பத்திரி லெட்டர்பேடில் எழுதக் கூடாது என்றார். சரி என்றேன். எழுதினால் திங்கட்கிழமைக்கு மேல் என் பதவியைப் பற்றி அவர் உத்தரவாதம் தர முடியாதாம். அதற்கும் சரி என்றேன். வேலை போனால் காலையில் எனக்கு வணக்கம் சொல்ல ஆளிருக்காது. நிஜமாகவே பயந்தது அதற்குத்தான்.

போன வருடம் மாசி. ஏழு வாரம். ஐப்பசியில் பிறந்திருக்கும். இப்போது எட்டு மாதம், தவழ்ந்துகொண்டிருக்கும். இருந்திருந்தால் இப்போது என்ன வயது என்று கணக்குப் போடுவது எனக்குப் புதிதில்லை. அதை இங்கே எழுதப் போவதில்லை.

ஜூன் 22, ஞாயிறு

எழுதிவிட்டேன். வெள்ளைத் தாளில், என் பெயர், பதிவு எண்ணோடு. என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி எழுதியதில் முழு மாலையும் போய்விட்டது. இங்கேயும் பிரதி எடுத்து வைக்கிறேன்.

"எண் 1847/22. பூங்கோதை, வயது 33, சித்தோடு.

இந்தக் கட்டியை 2022 நவம்பர் 16 அன்று பார்த்து ஜிஸ்ட் என்று எழுதியவள் நான். அது ஜிஸ்ட் அல்ல. நரம்பு உறையிலிருந்து வளரும் ஷ்வானோமா என்னும் சாதுவான கட்டி. முழுவதும் எடுக்கப்பட்டுவிட்டது. இவருக்குப் புற்றுநோய் ஒருபோதும் இருந்ததில்லை. மாத்திரை தேவைப்படவில்லை.

மாஸ்ட் செல்களில் இருந்த நிறத்தைக் கட்டியின் நிறம் என்று படித்தேன். கட்டியின் கரையை நிணநீர்க் கணு என்று எழுதினேன். செத்துக்கொண்டிருந்த வெள்ளை அணுக்களைப் பிரியும் செல்கள் என்று எண்ணினேன். எஸ்-நூறு சாயம் அப்போது கையிருப்பில் இல்லை. வரும்வரை காத்திருந்திருக்கலாம். நான் காத்திருக்கவில்லை.

2024 மாசி மாதம் இவர் வயிற்றில் ஏழு வாரக் குழந்தை ஒன்று இருந்தது. இந்த மாத்திரையின் பொருட்டு அது கலைக்கப்பட்டது. அதைக் கலைக்க இவர் உடம்பில் எந்தக் காரணமும் இல்லை. என் அறிக்கை ஒன்றுதான் காரணம்.

டாக்டர் தில்லைநாயகி."

கரு என்றுதான் முதலில் எழுதினேன். அடித்துவிட்டுப் புதுத் தாளில் குழந்தை என்று எழுதினேன்.

ஜூன் 23, திங்கள்

பத்தரை மணிக்கு வந்தாள். தாளை வாங்கி, நின்றபடியே படித்தாள். விண்ணப்பம் சரிபார்க்கிற பழக்கம், விரல் வரி வரியாக இறங்கியது. கடைசிப் பத்தியில் விரல் நின்றது. திரும்ப மேலே போய் அந்தப் பத்தியை இன்னொரு முறை படித்தாள். உதடு அசைந்தது. பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, தாளை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். நான் மேசைக்கு இந்தப் பக்கமே இருந்தேன். எழுந்து போய்த் தோளைத் தொட எனக்கு யோக்கியதை இல்லை என்று தோன்றியது.

முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "தேதி போடலீங்க" என்றாள்.

வாங்கித் தேதி போட்டேன்.

"ரெண்டு காப்பி வேணுமுங்க."

"ஒண்ணு வக்கீலுக்கா?"

"இல்லீங்க. ஒண்ணு இதுக்கு." வயிற்றில் கை வைத்தாள். "இன்னொண்ணு அதுக்கு. தெனமும் பத்துப் பேருக்குப் பொறப்புச் சான்றிதழ், எறப்புச் சான்றிதழ் எடுத்துக் குடுக்கறனுங்க. அதுக்கு ரெண்டுமே கெடையாது. அது இருந்துச்சுன்னு சொல்றதுக்கு இந்த ஒரு காயிதந்தானுங்க இருக்குது."

ஜெராக்ஸ் எடுக்க ரவூஃப் கை நீட்டினார். வேண்டாம் என்றேன். புதிதாக ஒரு வெள்ளைத் தாள் எடுத்து, எண்ணிலிருந்து கையெழுத்து வரை மறுபடியும் என் கையாலேயே எழுதினேன். முக்கால் மணி நேரம் ஆனது. அவள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.